டாஸ்மாக் பணம் இல்லாமல் தமிழக அரசின் கணக்கு நிற்குமா?

தென்பெண்ணைக்கரை எழுதியது:

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. அதைப் பல தடவை பேசியாயிற்று. எனக்கு வேண்டியது கணக்கு.

2016 தேர்தலில் அதிமுக படிப்படியாக மதுவிலக்கு என்றது. திமுகவும் மதுவிலக்கு என்றது. ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவிட்டார். கடை திறக்கும் நேரமும் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்குத் தள்ளிப்போனது. 2017-இல் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500 என்றார். 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு மேலும் 500 கடைகளை மூடியது. மூன்று முதலமைச்சர்கள், 1,500 கடைகள். ஆனால் 2016-17-இல் 27 ஆயிரம் கோடி அளவில் இருந்த டாஸ்மாக் வருவாய் 2023-24-இல் 45,855 கோடி, 2024-25-இல் 48,344 கோடி. குடிக்கிறவர் நடக்கும் தூரம்தான் கூடியது.

நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரன். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்புறம் நடந்த பேச்சு எல்லாருக்கும் நினைவிருக்கும். "கடையை மூடினால் ஊர் ஊராக இதுதான் நடக்கும்" என்று ஒரு பக்கம். "கடை திறந்திருந்தும் நடந்ததே" என்று இன்னொரு பக்கம். இந்த 48 ஆயிரம் கோடிக்கு மாற்று எங்கே இருக்கிறது என்பதை இரண்டு பக்கமும் தொடவே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய பேரேடு எழுதியது:

தம்பி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அரசுக் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பட்ஜெட் புத்தகத்தில் "மாநில ஆயத்தீர்வை" என்ற தலைப்பை மட்டும் பார்த்தால் மது வருமானம் சின்னதாகத் தெரியும். நீங்கள் சொன்ன 45,855 கோடியில் ஆயத்தீர்வை 10,774 கோடிதான். மீதி 35,081 கோடி மதிப்புக் கூட்டு வரி. அது பெட்ரோல், டீசல் வரியோடு சேர்ந்து விற்பனை வரித் தலைப்புக்குள் போய்விடும். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்துக்கு வரும் நாளில்தான் இரண்டையும் கூட்டிப் பார்க்க முடியும். அன்றைக்கு ஒரு நாள் செய்தியாகும், அவ்வளவுதான்.

இந்தத் தொகை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு ஒப்பீடு. 2024-25 மத்திய பட்ஜெட்டில் வரிப்பகிர்வாகத் தமிழ்நாட்டுக்குக் காட்டிய தொகை 50,873 கோடி. டில்லியிலிருந்து வரும் பங்கையும் மதுக்கடைப் பணத்தையும் தராசில் வைத்தால் முள் நடுவில் நிற்கும். மாநிலமே வசூலிக்கும் சொந்த வரி வருவாயில் இது நாலில் ஒரு பங்குக்கும் சற்று மேல்.

எப்படி இங்கே வந்து நின்றோம்? 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய ஏலப் பணம் நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் அவர் அரசு கொண்டுவந்ததுதான் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். 1948-இல் முதல்வர் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு அந்த வரி ஒரு பெரிய காரணம். மாற்றுப் பணத்துக்கு வழி செய்துவிட்டு மூடினார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு வந்தவர்கள் யாரும் அப்படிச் செய்யவில்லை.

1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-இல் திரும்பக் கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1983-இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்காகப் பிறந்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அந்த முதல் ஆண்டில் வருவாய் 3,639 கோடி. இருபது வருடத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

அப்புறம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. மதுவிலக்குக்காகப் பிறந்த விற்பனை வரி பெரும்பாலும் அதற்குள் போய்விட்டது. இன்று மாநில அரசு தன் விருப்பப்படி விகிதம் வைக்கக்கூடியவை என்று எண்ணினால் மது, பெட்ரோல், டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி. விரலுக்குள் அடங்கிவிடும். இதில் விலை ஏற்றினால் ஊர்வலம் போகாத பொருள் ஒன்றுதான்.


கொத்துக்கரண்டி எழுதியது:

சார் சொன்னது மேலிருந்து பார்த்தது. நான் கீழே இருந்து சொல்கிறேன். வீடு கட்டித் தரும் சிறு ஒப்பந்தக்காரன். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் எல்லாம் சேர்த்து என்னிடம் இருபது பேர் இருப்பார்கள்.

ஒரு கையாள் தினம் 800 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். மட்டமான குவார்ட்டர் 140 ரூபாய். சாயங்காலம் ஒன்று, தூங்கப் போகும்முன் ஒன்று, 280. அதற்குத் தொட்டுக்கொள்ள, தண்ணீர் பாக்கெட், டம்ளர் என்று 50 போகும். 800-இல் 470 வீட்டுக்கு. மழை நாளில் வேலை இல்லை, ஆனால் குவார்ட்டர் உண்டு, கடன் சொல்லி. வருமான வரி கட்டும் என் மைத்துனர் கூடத் தன் சம்பாத்தியத்தில் இத்தனை பங்கை அரசுக்குக் கொடுப்பதில்லை. 140 ரூபாயில் பெரும்பகுதி வரிதானே?

2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து மே 7 வரை கடை கிடையாது. என் ஆட்களில் மூன்று பேருக்கு முதல் வாரம் கை நடுக்கம் தாங்கவில்லை. ஒருவரை இரவில் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். சட்டையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் எறும்பு போகிறது என்று கத்திக்கொண்டே வந்தார். எறும்பு எதுவும் இல்லை. பத்து நாளில் தெளிந்து, ஒன்றரை மாதம் குடிக்காமல் இருந்தார். முகமே மாறியது. மே 7 கடை திறந்தது, அன்றைக்கே வரிசையில் நின்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திறந்த அன்று விலையும் ஏற்றியிருந்தார்கள், நினைவிருக்கிறதா?


பாட்னாவில் இருந்தவன் எழுதியது:

வேலை நிமித்தமாகச் சில வருடம் பீகாரில் இருந்தேன். 2016 ஏப்ரலில் நிதிஷ் குமார் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். தெருவில் சண்டை குறைந்தது உண்மை, பெண்கள் அதை மனசாரச் சொன்னார்கள். ஆனால் பாட்டில் வீட்டுக்கே வந்து சேரும், விலை இரண்டு மூன்று மடங்கு. பிடிபட்டவர்களில் அதிகம் பேர் கூலிக்காரர்கள். ஜாமீன் மனுக்களால் பாட்னா உயர் நீதிமன்றமே திணறுகிறது என்று உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயச் சாவுகள்.

ஆந்திராவையும் பாருங்கள். 1992-இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை விரட்டினார்கள். அந்த அலையில் என்.டி.ஆர். 1995-இல் மதுவிலக்கு அறிவித்தார். 1997-இல் சந்திரபாபு நாயுடு தளர்த்தினார், கஜானா தாங்கவில்லை என்று. ஹரியானாவில் பன்சிலாலும் 1996-இல் கொண்டுவந்து இரண்டே வருடத்தில் கைவிட்டார். பழைய பேரேடு சார் சொன்ன மாற்றுப் பணம் இல்லாததுதான் இரண்டு இடத்திலும் பிரச்சினை. ஒரே நாளில் மூடுவதை நான் எதிர்க்கிறேன். கருணாபுரம் மாதிரி இன்னொன்றை நம்மால் தாங்க முடியாது.


வைகைத் தம்பி எழுதியது:

எல்லாரும் மாநில அரசையே பிடித்து உலுக்குகிறீர்கள். மூலக் காரணம் டில்லியில் இருக்கிறது. மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்வது நிதி ஆணையம். அந்த வரிப்பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 12-ஆவது நிதி ஆணையத்தில் 5.305 சதவீதம். 13-இல் 4.969. 14-இல் 4.023. 15-இல் 4.079. நாட்டின் மக்கள்தொகையில் நாம் கிட்டத்தட்ட 6 சதவீதம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குப் பங்கு குறைகிறது. ஜிஎஸ்டி இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது. கல்விக்கான சமக்ர சிக்‌ஷா பணம் 2,152 கோடியை நிறுத்திவைத்தார்கள். கையைக் கட்டிவிட்டு ஏன் மது விற்கிறாய் என்று கேட்பது நியாயமா?


பழைய பேரேடு எழுதியது:

வைகைத் தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நானும் அதே கோபத்தோடு கோப்புகளில் குறிப்பு எழுதியவன்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-25-இல் 4.079-க்குப் பதில் பழைய 5.305 கிடைத்திருந்தால் கூடுதலாக வந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 15 ஆயிரம் கோடி. மது வருவாயில் மூன்றில் ஒரு பங்கைக் கூட அது எட்டாது. அந்தப் பணத்துக்காகப் போராட வேண்டியதுதான், வருகிற வரை காத்திருக்க முடியாது.

இன்னொன்று. பங்கு 5.305 ஆக இருந்த வருடங்களில் கடையை மூடினோமா? அப்போதுதான் விறுவிறுவென்று வளர்ந்தது.


மல்லிப்பந்தல் எழுதியது:

எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் ஒன்பது வருடமாக ஊக்குநர். குழுவில் 15 பேர், அதில் 11 பேருக்கு மகளிர் உரிமைத்தொகை வருகிறது. எனக்கும்.

குழுவின் சந்தா நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நீள நோட்டு, இடது பக்கம் பெயர், மேலே தேதி, கட்டியவருக்கு நீல மையில் தொகை, கட்டாதவருக்குச் சிவப்பில் "பாக்கி". நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு வருட நோட்டைப் புரட்டினேன். மாதம் 15-ஆம் தேதி உரிமைத்தொகை ஏறும். அதற்கு அடுத்து வரும் கூட்டத்தில் சிவப்பே இல்லை, எல்லாம் நீலம். மாதக் கடைசிக் கூட்டத்தில் சிவப்பு வரும், அதிலும் எப்போதும் அதே நான்கு பெயர். நான்கு பேரும் சோம்பேறிகள் இல்லை. இருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், ஒருவர் பூ கட்டுகிறார், ஒருவர் சத்துணவுக்கூடத்தில் உதவியாளர். நான்கு வீட்டிலும் ஆண் தினம் குடிக்கிறார். எனக்கு இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவை இல்லை, பக்கத்துத் தெருக்கள்.

கொத்துக்கரண்டி அண்ணன் கணக்கை நானும் போட்டேன். தினம் ஒரே ஒரு குவார்ட்டர் என்றாலும் மாதம் 4,200 ரூபாய். உரிமைத்தொகை 1,000. அந்த 1,000 வந்ததில் எத்தனை வீட்டில் கேஸ் சிலிண்டர் வாங்கினார்கள், எத்தனை பிள்ளைக்கு டியூஷன் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். அதை யாரும் குறைத்துப் பேசாதீர்கள். ஆனால் அந்த 4,200-ஐயும் சேர்த்துத்தான் அரசு எழுத வேண்டும்.


பனங்காடு எழுதியது:

கள்ளுக்கு 1987-இலிருந்து தடை. பாலக்காட்டில் கள்ளுக்கடை இருக்கிறது, நம் பக்கத்து ஆட்கள் அங்கே போய் மரம் ஏறுகிறார்கள். கள் இறக்க அனுமதித்தால் பனையேறிக்கும் தென்னை விவசாயிக்கும் பணம் போகும், ஆலைக்குப் போகாது. இதை ஏன் ஒருவரும் பேசவில்லை?


பழைய பேரேடு எழுதியது:

பேச வேண்டியதுதான் பனங்காடு. பனையேறிகளின் கோரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இழையின் கேள்விக்கு அது விடை இல்லை. கள்ளில் மாநிலத்துக்கு வரி அதிகம் கிடைக்காது. குடிக்கிறவர் கள்ளுக்கு மாறினால் கஜானாவில் ஓட்டை அதே அளவுதான்.

தென்பெண்ணைக்கரை கேட்டதற்கு வருகிறேன். என் யோசனை சிறியது. முதலில் வளர்ச்சியை நிறுத்துங்கள். 2023-24-க்கும் 2024-25-க்கும் இடையே கூடியது ஏறத்தாழ 2,500 கோடி. இனிமேல் மது வருவாய் 48 ஆயிரம் கோடியைத் தாண்டாது என்று ஒரு உச்சவரம்பு வைத்து, அதைப் பட்ஜெட் உரையிலேயே சொல்ல வேண்டும். கடந்த சில வருடங்களாகச் சொந்த வரி வருவாய் வருடம் பத்தாயிரம் கோடிக்குக் குறையாமல் வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியில் மதுவின் பங்கை எடுத்துவிட்டாலும் ஐந்து வருடத்தில் மதுவின் எடை நாலில் ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு வரும். அப்புறம் இறக்கலாம். இரண்டாவதாக, ஆயத்தீர்வையையும் மது மீதான மதிப்புக் கூட்டு வரியையும் பட்ஜெட்டில் ஒரே வரியில் காட்ட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மாற்றுப் பணம்? 2022-இல் நகர்ப்புறச் சொத்து வரியை ஏற்றியதும், அதே வருடம் செப்டம்பரில் மின்கட்டணத்தை ஏற்றியதும் எவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பின என்று பார்த்தோம். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று இருந்தது. அந்த எண்ணைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அதே அறிக்கை, மாநிலத்தின் பொருளாதாரம் வளர்ந்த அளவுக்குச் சொந்த வரி வசூல் வளரவில்லை என்றும் சொன்னது. அந்தப் பாதியை விவாதித்தவர்கள் குறைவு. சொத்து இருப்பவரிடம் கேட்கத் தயங்கி, சாயங்காலம் கை நடுங்குகிறவரிடம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. என் சொத்து வரியை இன்னும் ஏற்றினால் கட்டத் தயார், அந்தப் பணம் இதற்குத்தான் என்று எழுதிக் கொடுத்தால்.


மல்லிப்பந்தல் எழுதியது:

சார், உச்சவரம்பு நல்ல யோசனை. ஒரு சந்தேகம். வருமானம் ஏறக்கூடாது என்றால் விலையை ஏற்றக்கூடாது என்று ஆகுமா? விலை ஏறாவிட்டால் புதுப் பையன்கள் அதிகம் குடிப்பார்கள். ஏறினால் என் நோட்டில் சிவப்பு கூடும். பழகினவர் பத்து ரூபாய் ஏறியதற்காக நிறுத்தியதை நான் பார்த்ததில்லை, வீட்டிலிருந்து பத்து ரூபாய் கூட எடுத்துக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.


பழைய பேரேடு எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டது நான் யோசிக்காத இடம். ஒத்துக்கொள்கிறேன். வரம்பை ரூபாயில் வைத்தால் மட்டும் போதாது, விற்கும் பெட்டிகளின் எண்ணிக்கையிலும் வைக்க வேண்டும். வருடா வருடம் பெட்டி குறைய வேண்டும். எத்தனை பெட்டி விற்றது என்ற கணக்கு ஒவ்வொரு கடையிலும் தினமும் எழுதப்படுகிறது, ஆகவே முடியாத காரியம் இல்லை.


பாட்னாவில் இருந்தவன் எழுதியது:

பெட்டியைக் குறைத்தால் இல்லாத சரக்கின் இடத்தில் கள்ளச்சாராயம் வரும். அதற்கும் சேர்த்துத் திட்டம் வேண்டும். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலைச் சாராயத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் மாநிலங்களுக்கு உண்டு என்றது. மெத்தனால் எங்கே வருகிறது, யாரிடம் போகிறது என்று லாரி லாரியாகக் கணக்கு வைக்கட்டும். அப்புறம் டாஸ்மாக்கில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு துறையில் இடம் சொல்லாமல் கடையைக் குறைப்பது பாவம்.


கொத்துக்கரண்டி எழுதியது:

கை நடுங்குகிறவருக்குப் படுக்கையும் வேண்டும். மே 7 வரிசையில் நின்ற ஆளைச் சொன்னேனே, மறுபடி இரண்டு தடவை மீட்பு மையத்துக்குப் போய் வந்தார். இப்போது எட்டு மாதமாக நிறுத்தியிருக்கிறார். மூன்றாவது தடவைதான் பிடித்தது. இருபது நாள் கூலி போகும் என்பதால்தான் பலர் போவதில்லை. அந்த இருபது நாளுக்குக் குடும்பத்துக்கு ஏதாவது கொடுத்தால் என் ஆட்களில் ஐந்து பேர் நாளைக்கே போவார்கள்.

என் அளவில் செய்தது ஒன்று உண்டு. சனிக்கிழமை மொத்தமாகக் கூலி கொடுத்தால் திங்கள் ஆள் வராது. சில மாதமாக, சம்மதித்தவர்களுக்கு மட்டும், பாதிக் கூலியைப் புதன்கிழமை மனைவியின் வங்கிக் கணக்கில் போடுகிறேன்.


மல்லிப்பந்தல் எழுதியது:

அண்ணா, சம்மதிக்க வைத்தது எப்படி? எங்கள் குழுவில் அந்த நான்கு பேரில் இரண்டு பேரின் வீட்டுக்காரர் ஒரே மேஸ்திரியிடம்தான் வேலை செய்கிறார்கள்.


கொத்துக்கரண்டி எழுதியது:

நான் பேசவில்லை அம்மா. எட்டு மாதமாக நிறுத்தியிருக்கிறாரே, அவரைப் பேசச் சொன்னேன். தேநீர் நேரத்தில் தன் மனைவியின் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். முதலில் நான்கு பேர் ஒத்துக்கொண்டார்கள், இப்போது பதினொரு பேர். அந்த மேஸ்திரியிடம் பேச வேண்டுமானால் தனிச் செய்தியில் ஊர் பெயர் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.


தென்பெண்ணைக்கரை எழுதியது:

பேரேடு சார், அந்தக் கொள்கை விளக்கக் குறிப்பை எங்கே எடுப்பது, எந்தப் பக்கத்தில் பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு வரியையும் கூட்டி ஒரே எண்ணாக வாசிக்கப் போகிறேன். மல்லிப்பந்தல் அக்கா, அந்த நோட்டில் பெயர்களை மறைத்துவிட்டு ஒரு பக்கம் படமெடுத்து அனுப்ப முடியுமா? மாதக் கடைசிப் பக்கம் போதும்.